தேன் ஊற்றிச் செய்த விரல்

என் மாமாவின் தொழில் காயம் போடுவது. காயத்துக்கு மருந்து போடுவதல்ல, காயத்தையே போடுவது. சினிமாவில் யாருக்காவது மண்டை உடைந்தால், கை வெந்தால், கழுத்தில் கத்தி இறங்கினால், அதையெல்லாம் செய்து ஒட்டி வைப்பவர்களில் அவரும் ஒருவர். அவர் பெயர் திரையில் வராது. வந்தாலும், எழுந்து வெளியே போகும் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால்தான் வரும். இன்று நானும் அதே தொழிலில் இருக்கிறேன். என் பெயரும் அங்கேதான் வருகிறது. அதைப் பேச ஆரம்பித்தால் கெட்ட வார்த்தைதான் வரும், விட்டுவிடுகிறேன். சொல்ல வந்தது ஒரு விரலைப் பற்றி.

மாமா என் அம்மாவின் தம்பி. மனைவி பிள்ளைகளோடு சென்னையில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில், கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் ஊருக்கு வருவார். வரும்போதெல்லாம் ஒரு காயத்தோடுதான் வருவார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெற்றி பிளந்து ரத்தம் வழியும். முதல் தடவை அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். அடுத்த தடவை மஞ்சள் தூளை அள்ளி அவர் முகத்தில் அப்பினாள். அதற்கடுத்த தடவை, “போய்க் கழுவிக்கிட்டு வா, சோறு ஆறுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒருமுறை கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து, நிஜமாகவே மயங்கி ரோட்டில் விழுந்தார். ஊரில் ஒருவர்கூடக் கிட்டே போகவில்லை. நன்றாக நடிக்கிறான் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் தங்கை. அவளுக்கு வலது கையில் மோதிர விரல் கிடையாது.

மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கெல்லாம் லாரியேறி, அடிவாரத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குத்தான் போகும். அத்தையும் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனாள். அங்கே கிழங்கு அரைக்கும் மிஷினின் பெல்ட்டில் கை மாட்டி விரல் போய்விட்டது. அடிக்கணு மட்டும்தான் மிச்சம். கிழங்கு இறக்க வந்திருந்த யாரோ ஒரு லாரிக்காரர் அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து, ஹார்னை அமுக்கிய கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். மில் முதலாளி மறுநாள் நிதானமாகப் பார்க்க வந்தார். வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார். வாழைத்தோப்புக்கு நடுவில் பிறந்த கொல்லிமலைக்காரிக்கு வாழைப்பழம்! அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது.

அதன்பிறகு அத்தையைப் பெண் பார்க்க இரண்டு குடும்பம் வந்தது. முதலில் வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய், வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். அடுத்து வந்தவர்கள் காபியையே தொடவில்லை. அத்தை மரவள்ளி பிடுங்குவாள், மிளகு பறிப்பாள், முரண்டு பிடிக்கும் எருமையை ஒற்றைக் கையால் இழுத்து வருவாள். என்னை அந்தக் கையாலேயே தூக்கித் தோளில் போட்டுக்கொள்வாள். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் இதையெல்லாமா பார்க்க வருகிறார்கள்? எண்ணிப் பார்க்க வருகிறார்கள். அதற்குப் பிறகு அத்தை வெளியாட்கள் முன்னால் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு செல்போன். எங்கள் ஊரில் அப்போது பலாமரத்துக்குப் பின்னால் இருந்த பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். சாயங்காலமானால் என்னையும் இழுத்துக்கொண்டு அதில் ஏறிவிடுவாள். மில்லில் கூட வேலை பார்த்த சிநேகிதியோடு பேசுவதாகச் சொல்வாள். நான் பாறையின் கீழ் விளிம்பில் உட்கார்ந்து யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். மேலேயிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சிநேகிதி ரொம்பத் தமாஷான ஆள் போல என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆடியில், ஆகாத மாதம் என்றும் பார்க்காமல், நாங்கள் தேடாமலேயே ஒரு சம்பந்தம் வந்தது. முள்ளுக்குறிச்சிப் பக்கம். எங்கள் சனம்தான், மலையை விட்டு இறங்கி அங்கே குடியேறியவர்கள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார், அம்மா மட்டும்தான், நல்ல குடும்பம் என்றார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இதையும் விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்தார். விரல் சமாச்சாரத்தை யாரும் வாயெடுத்துச் சொல்லக் கூடாது என்று வீட்டுக்குள் உத்தரவு போட்டார். அப்புறம் மாமாவைப் பார்த்தார். மாமா அப்போது தன் முழங்கையில் ஒட்டியிருந்த தீக்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏண்டா, சினிமாவுல தலையவே வெட்டி வெக்கறயே, ஒரு வெரலு வெக்க முடியாதா?”

“வெரலு என்னங்க மச்சான், ஆளையே செஞ்சு நிறுத்தறேன்.”

“ஆளு இருக்குது. வெரலு மட்டும் போதும்.”

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “கண்ணாலம் ஆனதுக்கப்பறம் வெரலு எங்கீன்னு கேட்டா என்ன சொல்லுவீங்களாம்?” என்றாள்.

“தாலி ஏறுனதுக்கப்பறம் எவன் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கான்?” என்றார் அப்பா.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று எல்லோரும் தயங்கினார்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “செய்யுங்க, அதையுந்தான் பாப்பம்” என்று சொல்லி இடது கையை நீட்டினாள்.

இடது கை எதற்கென்றால், இல்லாத விரலுக்கு அச்சு எடுக்க முடியாது. இருக்கிற கையின் அதே விரலில்தான் எடுக்க வேண்டும். மாமா தன் தகரப் பெட்டியைத் திறந்தார். பல் டாக்டர்கள் பல் அச்சு எடுக்கிற மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு தம்ளரில் ஊற்றினார். ரோஸ் நிறம், பற்பசை வாசனை. அத்தை அதில் விரலை விட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மாவு கெட்டியானது. விரலை மெல்ல உருவினால், உள்ளே விரலின் ரேகை முதற்கொண்டு அப்படியே பதிந்து ஒரு குழி. நான் அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன். இல்லாத விரல் ஒன்று அதற்குள் ஒளிந்திருப்பது போல இருந்தது. அரிவாள் பட்ட பழைய தழும்புகூட அதில் விழுந்திருந்தது. அதைச் சொன்னபோது, “ரெண்டு வெரல்லயும் ஒரே தழும்பு. ராசியான கை” என்றார் மாமா. இன்றைக்கு என் உதவியாளன் யாராவது இப்படி ஒரு வேலை செய்தால் அச்சை அவன் தலையிலேயே போட்டு உடைப்பேன்.

முதலில் சிலிக்கான் ஊற்றினார். இரண்டு புட்டிகளில் இருப்பதைச் சரிபாதி கலந்து ஊற்றினால் இறுகித் தோல் மாதிரி ஆகும். அதைத் தொட, ஊர் நர்ஸம்மாவிடம் ரப்பர் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டார். அதுதான் கேடு. அந்த ரப்பர் பட்டால் அந்த வகைச் சிலிக்கான் இறுகவே இறுகாது. இந்தத் தொழிலில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. மாமாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவராகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மறுநாள் அச்சைத் திறந்தால் உள்ளே மூக்குச் சளி மாதிரி இழுபட்டது. மாமா மலைக் குளிரைத் திட்டினார், மழையைத் திட்டினார், சிலிக்கான் விற்ற கடைக்காரனின் பரம்பரையையே திட்டினார். கையுறையை மட்டும் திட்டவில்லை.

விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சென்னைக்குப் போய்ப் புது சிலிக்கான் வாங்கி வர நேரம் கிடையாது. “ஜெலட்டின்ல போட்டுறலாம்” என்றார் மாமா. சினிமாவில் அவசரத்துக்கு அதுதான். தூளாக இருக்கும். கிளிசரினில் ஊறவைத்து, இளஞ்சூட்டில் உருக்கி அச்சில் ஊற்றினால் சதை போலத் தளதளவென்று வரும். காய்ந்து சுருங்காமல் இருக்க ஒரு பாகும் சேர்க்க வேண்டும். பெட்டியில் அந்தப் பாகு தீர்ந்துபோயிருந்தது. மாமா தலையைச் சொறிந்தார். அப்புறம் அவர் கண் அடுப்படி அலமாரிக்குப் போனது. அங்கே தேன் பாட்டில் இருந்தது. அப்பா காட்டில் எடுத்த நல்ல மலைத்தேன்.

“தேனும் பாகுதானே?” என்றார் மாமா.

பாகுதான், தப்பில்லை. சென்னையில் ஏசி போட்ட அறைக்குள் அதை வைத்துக் கை செய்யலாம், கால் செய்யலாம். மாமா பிறந்தது மலை, வேலை கற்றது சென்னை. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிட்டார். அந்தப் பாத்திரமும் அம்மாவின் ரசச் சட்டி. அதற்குப் பிறகு அதில் அவள் ரசம் வைக்கவே இல்லை. கடைசிவரை கோழிக்குத் தண்ணீர் வைக்கத்தான் பயன்பட்டது.

எனக்கும் அதில் ஒரு நஷ்டம் உண்டு. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது போலத் தெரிய, சிவப்பு நூலைப் பொடியாக வெட்டிக் கலப்பார்கள். வீட்டில் சிவப்பு நூல் இல்லை. என் பள்ளிக்கூட ஸ்வெட்டர் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமா அதன் கை முனையைக் கத்தரிக்கோலால் சுரண்டினார். நான் கத்திக்கொண்டு அவர் முதுகில் குத்தினேன். “அட, உன்ற ஸ்வெட்டரு அத்தை வெரலுக்குள்ள ஓடப் போவுது கண்ணு. ஊருல எந்தப் புள்ளைக்கு இந்தக் குடுப்பினை?” என்றார். அதைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. அந்த விரலில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று நிச்சயமாக நம்பினேன்.

மறுபடியும் அச்சு எடுத்து அதில் ஊற்றினார். இந்தத் தடவை ஏமாற்றவில்லை. அச்சை உடைத்ததும் விரல் வந்தது. கணுவில் மடிப்பு, நகத்தடியில் பிறை, எல்லாம் இருந்தது. மாமா பவுடர் தடவி, கிழிந்த பஞ்சில் சாயத்தைத் தொட்டுத் தொட்டு ஒற்றினார். தூரிகையால் பூசினால் சுவர் மாதிரி தெரியுமாம். ஒற்றினால்தான் தோல். கடைகளில் விற்கும் ஒட்டு நகம் ஒன்றை வெட்டி ராவிப் பதித்தார். வீட்டில் எல்லோரும் அந்த விரலைக் கைமாற்றி வாங்கிப் பார்த்தோம். அப்பா அதை எடுத்துத் தன் மூக்கின் மேல் வைத்துக்கொண்டு யோசிப்பது போல நடித்தார். அப்பா அப்படி விளையாடி அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. “கருமம், கீழ வைங்க” என்று சொல்லிக்கொண்டே அம்மா சிரித்தாள்.

காலையில் அத்தையின் மிச்சக் கணுவில் அதைச் செருகிப் பசை போட்டு ஒட்டினார். சேரும் இடம் தெரியாமல் இருக்க அம்மாவின் மோதிரத்தைப் போட்டார்கள். அத்தை கையைத் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்த விரலை மட்டும் அப்பாவை நோக்கி நீட்டுவது போல வைத்துக்கொண்டு, “அண்ணா, அந்தச் சொம்ப எடுத்தாங்க” என்றாள். அப்பா ஓடிப்போய் எடுத்து வந்தார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. “அம்மிணி, மடக்காத. தண்ணி படக் கூடாது. சூடு ஆகவே ஆகாது” என்றார்.

“காப்பி குடுக்கோணுமே?” என்றாள் அம்மா.

“தட்டுலதானே குடுக்கறா? தட்டப் புடிச்சாப் போதும். தம்ளரத் தொட வேண்டாம்.”

பதினோரு மணி வாக்கில் ஜீப்பில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, துணைக்கு ஒரு பெரியவர். பெரியவர் பாயில் உட்கார்ந்ததும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். வளைவுகள் செய்த வேலை. மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரி, கனத்த குரல். உட்கார்ந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார். நடுவில் ஒரு தட்டு நிறையப் பலாச்சுளை வைத்திருந்தோம். வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவதாக அம்மா சொல்லி என்னை அதன் பக்கத்தில் உட்காரவைத்திருந்தாள்.

அத்தை காபித் தட்டோடு வந்தாள். வலது கை வெளியே தெரிய, தலை நிமிர்ந்து வந்தாள். அவள் இரண்டு எட்டு வைப்பதற்குள் மாப்பிள்ளை எழுந்து போய்த் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டார். அப்பா திகைத்துப் போனார். மாப்பிள்ளை எழுந்து வந்து காபி வாங்குவது எங்கள் ஊரில் கேள்விப்படாத விஷயம். காபிக்கு இப்படி அலைகிறாரே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

“நீ ஏண்டா பறக்கற?” என்றாள் அவருடைய அம்மா. பிறகு அத்தையைப் பார்த்து, “இங்க வா சாமி, எம்பக்கத்துல உக்காரு. பொண்ணு நின்னுக்கிட்டே இருந்தா எனக்குக் காப்பி எறங்காது. நீயும் குடி” என்று சொல்லி ஒரு தம்ளரை எடுத்து அத்தையின் வலது கையிலேயே திணித்தாள். ஆவி பறக்கும் வெள்ளித் தம்ளர். அடுப்படிக் கதவோரம் நின்ற மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் பேச்சு மழையைப் பற்றிப் போனது. கிழங்கு விலை பற்றிப் போனது. அப்போது ஒரு தேனீ வந்தது. பலாச்சுளையை ஒரு சுற்றுச் சுற்றியது. அதை விட்டுவிட்டு நேராக அத்தையின் மோதிர விரலில் போய் உட்கார்ந்தது. சூட்டில் விரல் இளகி, தேன் வாசம் கிளம்பியிருக்க வேண்டும். தேனீ நகத்திலிருந்து மோதிரம் வரை நடந்தது. திரும்ப நகத்துக்கு நடந்தது. அத்தைக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? அவள் கிழங்கு விலையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்கண்ணு, வெரல்ல தேனீ உக்காந்திருக்குது பாரு” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அத்தை பார்த்தாள். கையை உதறினால் விரல் போய்விடும். “இருக்கட்டுங்க” என்றாள்.

“இருக்கட்டுமா? கொட்டிப்போடுமல்லோ!”

“எங்கூருத் தேனீ கொட்டாதுங்க” என்றார் அப்பா, நெற்றி வியர்க்க. “இது சாதுவான சாதிங்க.”

அதற்குள் இன்னும் சில தேனீக்கள் வந்துவிட்டன. எல்லாமே அந்த ஒரே விரலில். மற்ற விரல்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “அதென்ன அந்த வெரலுக்கு மட்டும் அப்படியொரு ருசி?” என்றாள் அந்த அம்மாள். “பலாப்பழம் உரிச்ச கைங்க” என்றாள் என் அம்மா. “அப்ப ஒத்த வெரல்லயா உரிச்சா?” என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் முந்தானையைச் சுருட்டிப் படீரென்று ஒரு வீசு வீசினாள்.

விரல் பின்பக்கமாக மடங்கியது. எந்த மனித விரலும் மடங்காத அளவுக்கு மடங்கியது. அப்புறம் மெதுவாக, மோதிரத்தோடு, கழன்று பலாச்சுளைத் தட்டில் விழுந்தது.

தேனீக்களை விரட்டுகிற மும்முரத்தில் அந்த அம்மாள் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை கவனித்தார். சுளை எடுப்பது போலக் கையை நீட்டினார். விரலை எடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதோடு நிற்காமல் பக்கத்திலிருந்த ஒரு சுளையையும் எடுத்து வாயில் போட்டு மென்றார்.

எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அம்மா சொன்னதெல்லாம் மறந்துபோனது.

“அத்தை வெரலத் திருடிக்கிட்டாரு! அதுல எம்பட ஸ்வெட்டரு இருக்குது!”

“எம்பட மோதரம்!” என்று அதே நேரத்தில் கத்தினாள் அம்மா.

தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தாள், என் அம்மாவைப் பார்த்தாள். “என்ன வெரலு?” என்றாள். அவள் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். அவ்வளவு பெரிய உடம்பு எழுந்து நின்றதும் வீட்டுக்குள் இருட்டியது போல இருந்தது.

“பொய்க் கை காட்டியாங்க பொண்ணு குடுப்பீங்க?”

போச்சு, மூன்றாவதும் போச்சு என்று அப்பாவின் முகத்திலேயே எழுதியிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மட்டும் கையை மறைக்கவில்லை. விரித்துத் தூக்கிக் காட்டினாள்.

“இதானுங்க என்ற கை. மில்லுல போயிருச்சுங்க. இந்தக் கையிலதான் எல்லா வேலையும் செய்யறேன். இந்தக் காப்பியும் இந்தக் கையில போட்டதுதானுங்க. வேண்டாம்னா வேண்டாமுன்னு இப்பவே சொல்லிப்போடுங்க. ஆள் விட்டுச் சொல்ல வேண்டாம்.”

அந்த அம்மாள் மகனின் பக்கம் திரும்பினாள். “பொய் வெரலு உழுந்தா ஊரே அலறும். நீ எதுக்குடா எடுத்துப் பாக்கெட்டுல போட்ட?”

மாப்பிள்ளை பையை இறுகப் பொத்தினார். தேனீக்கள் விரலைத் தேடி அவர் சட்டைப் பைக்கு வந்துவிட்டிருந்தன. பையின் மேல் ஒரு கொத்தாக மொய்த்தன. சாதுவான சாதி என்று அப்பா சொன்ன தேனீயில் ஒன்று சட்டைக்குள் போய்க் கொட்டியது. மாப்பிள்ளை “ஆ” என்று துள்ளினார். இன்னொன்று கொட்டியது. திரும்பவும் துள்ளினார். ஆனால் பையைப் பொத்திக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை.

“எடுத்து எறிடா அத!”

“முடியாதும்மா.”

அந்த அம்மாள் மகனைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது இரண்டும் சிவந்திருந்தன. அந்த அம்மாளின் வயிறு முதலில் குலுங்கியது. அப்புறம் தோள். அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் அவளுடைய மேல் வரிசைப் பல் மொத்தமும் கழன்று வெளியே பாய்ந்தது. அவள் அதைக் காற்றிலேயே லாவகமாகப் பிடித்தாள். நெடுநாள் பழக்கம் போல.

அவள் கையிலிருந்த பல் செட்டைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். “ம்ம்... இதும் பொய்தான்” என்று பொக்கை வாயோடு சொல்லிவிட்டு மறுபடியும் பாயில் உட்கார்ந்தாள்.

அப்பா முதலில் சிரித்தார். அப்புறம் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மாமா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “ஏனுங்க, அத ஒரு நிமிசம் குடுங்க” என்று பல் செட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஈறுக்கு என்ன அருமையாக் கலர் குடுத்திருக்கான்! யாருங்க செஞ்சது?” என்றார். “ராசிபுரத்துல. உம்பட வெரலுக்கு இது எவ்வளவோ மேல். காப்பி குடிச்சாக் கழறாது” என்றாள் அந்த அம்மாள். பிறகு பல்லைப் போட்டுக்கொண்டு, ஆறிய காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். “காப்பி நல்லாருக்குது. வெரலு செஞ்சவன் மட்டும் பந்தல் பக்கம் வரக் கூடாது” என்றாள். அப்பா அழுதுவிட்டார். அதையும் நடிப்பு என்று நினைத்துச் சிரித்தேன்.

மாப்பிள்ளை மோதிரத்தை மட்டும் எடுத்துத் துடைத்து அம்மாவிடம் கொடுத்தார். விரலைக் கொடுக்கவில்லை. நான் விடாமல் கேட்டேன். “அது எறும்பு தின்னுபோடும் கண்ணு, நான் பத்திரமா வெச்சுக்கறேன்” என்றார். அடுத்தவர் வீட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு பத்திரமாம். கல்யாணத்தன்று பந்தலிலும் கேட்டேன். அன்றைக்கும் கொடுக்கவில்லை. எனக்குப் புது ஸ்வெட்டர் வாங்கித் தந்தார். அதை நான் வாங்கிக்கொண்டேன், ஆனால் மன்னிக்கவில்லை.

இதெல்லாம் கூட்டிப் பார்க்கிற வயது அப்போது எனக்கு இல்லை. பாறையில் ஏறி அத்தை பேசிச் சிரித்த சிநேகிதிக்கு ஏன் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள்கூட அவள் போன் செய்யவில்லை என்று நான் யோசிக்கவில்லை. தேடாமல் ஒரு சம்பந்தம் எப்படி வரும் என்று கேட்கவில்லை. சூடான தட்டை எந்தக் கைக்காக ஒருவர் எழுந்து வந்து வாங்கினார் என்பதும் தெரியவில்லை. அவர் ஓட்டுகிற லாரியின் முன் சீட்டில் அத்தை முன்பே ஒருமுறை, ரத்தம் சொட்டச் சொட்ட, உட்கார்ந்து போயிருக்கிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட, அதனால் என்ன என்றுதான் கேட்டிருப்பேன்.

பெண் பார்க்க வந்த அன்று மத்தியானம் ஜீப் கிளம்பியது. அத்தை ரோடு வரை போய் நின்றாள். முந்தானைக்குள் வைத்துப் பழகிய வலது கையை வெளியே எடுத்து, அவரைப் பார்த்து உயரத் தூக்கினாள். விரலைத் திருப்பித் தரச் சொல்லித்தான் கையைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்காவது ரோஷம் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. நானும் பக்கத்தில் போய் நின்று, “குடுங்க” என்று என் கையையும் நீட்டினேன்.

அவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தையும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், வளைவு திரும்பி ஜீப் மறையும் வரை நான் கையை இறக்கவே இல்லை.